குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்தல்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

சென்ற ஆண்டு ஒரு நாள், மஃக்ரிபு தொழுகை முடிந்து பள்ளிவாசலின் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் இடியாப்பம் விற்று வாழும் ஒரு தாயார் வாசலருகே காத்திருந்தார். கணவரை இழந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஸலாம் சொல்லிவிட்டுத் தயக்கத்துடன் கேட்டார்: "ஹஜ்ரத், போன தடவை ஹலாலான்னு மட்டும் கேட்டேன். இந்தத் தடவை இன்னும் என்னென்ன கேக்கணும்னு சொல்லுங்க."

புதிதாக ஒரு முகவர் ஊருக்குள் வந்திருந்தார். வட்டியில்லா முதலீடு, மாத இலாபம், அரபுப் பெயர் தாங்கிய நிறுவனம். அந்தத் தாயாரின் கையில், மகன் அனுப்பிய சிறுதொகை இருந்தது. ஆனால் அவருடைய கேள்வியில் என்னைத் தைத்தது "போன தடவை" என்ற சொல்தான். அதை அவர் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை என்பதே இன்னும் வலித்தது.

போன தடவை நடந்தது

2014ஆம் ஆண்டு. ஹஜ்ஜுக்கென நானும் என் மனைவியும் சிறுகச் சிறுகச் சேர்த்த இரண்டு இலட்சம் ரூபாய் எங்களிடம் இருந்தது. அண்டை மாநிலத்து நிறுவனம் ஒன்றின் முகவர், நண்பர் ஒருவர் வழியாக அறிமுகமானார். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். பத்திரத்தின் தலைப்பில் "முளாரபா ஒப்பந்தம்" என்று எழுதியிருந்தது. ஒரு இலட்சத்துக்கு மாதம் "ஏறத்தாழ" மூவாயிரம் ரூபாய் இலாபம் வரும் என்றார். பணத்தைக் கொடுத்தேன்.

நான் மதரஸாவில் குதூரி நூலை நடத்துகிறவன். ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் இட்டுச் செய்யும் கூட்டு வணிகமாகிய முளாரபாவில், இலாபம் விகிதமாகவே பிரிக்கப்பட வேண்டும். இத்தனை திர்ஹம் எனக்கு நிச்சயம் என்று ஒருவர் நிபந்தனையிட்டால் ஒப்பந்தமே பாழாகும். இந்தப் பாடத்தை ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். "ஏறத்தாழ" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என் அறிவை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

பதினோரு மாதங்கள் ஆறாயிரம் ரூபாய் தவறாமல் வந்தது. ஒரு ரூபாய் கூடவுமில்லை, குறையவுமில்லை. அப்போதாவது நான் விழித்திருக்க வேண்டும். மழை பொய்த்தாலும் சந்தை விழுந்தாலும் ஒரே தொகையைத் தருகிற வணிகம் எது? ஆனால் பணம் வந்துகொண்டிருக்கும்போது மனிதன் கேள்வி கேட்பதில்லை.

அந்தக் காலத்தில்தான் இரண்டு பேர் என்னிடம் வந்தனர். ஒருவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். மற்றவர் இந்தத் தாயார். மகளின் திருமணத்துக்கென வைத்திருந்த எண்பதாயிரத்தைப் போடலாமா என்று கேட்டார். "ஹஜ்ரத், இது ஹலாலா?" என்பது அவருடைய ஒரே கேள்வி. "ஹலால்தான்மா" என்பது என் ஒரே பதில். ஏழு மாதங்கள் அவருக்கு இரண்டாயிரத்து நானூறு ரூபாய் வந்தது. எட்டாம் மாதம் வரவில்லை. முகவரின் கைப்பேசி அணைந்திருந்தது. அலுவலகத்தில் பூட்டுத் தொங்கியது.

என் பணம் போனதை நான் அல்லாஹ்வின் சோதனையென்று தாங்கிக்கொண்டேன். என் சொல்லை நம்பிப் போன பணத்தை அப்படித் தாங்கிக்கொள்ள இயலவில்லை.

இது ஒரு ஊரின் கதை அன்று

நம் பகுதியின் நினைவு குறுகியது என்பதால் சிலவற்றை எழுதிவைக்க விரும்புகிறேன். 2012இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தன. குஞ்சும் தீவனமும் தந்து மாதந்தோறும் பணமும் தருவதாகச் சொன்னவற்றை நம்பி, நிலத்தை அடகு வைத்தவர்களும் உண்டு. 2019 ஜூனில், நம் ஓசூர் எல்லையிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவிலுள்ள பெங்களூரில், ஹலால் முதலீடு என்று அறியப்பட்ட ஐ.எம்.ஏ. நிறுவனம் வீழ்ந்தது. அதன் தலைவர் துபாய்க்குச் சென்றார். ஜூலையில் தில்லி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். நாற்பதாயிரத்துக்கும் அதிகமான புகார்கள் குவிந்தன. புகார் கொடுக்க வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்தினர். 2022இல் சென்னையில் ஆருத்ரா நிறுவனத்தின் விவகாரம் வெடித்தது. அங்கே எல்லாச் சமயத்தாரும் இருந்தனர். ஆசைக்கு மத்ஹபு இல்லை.

இவை அனைத்திலும் பொதுவான ஒன்று உண்டு. பணம் கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த நிறுவனத்தின் கணக்கை ஒரு முறையும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்றும் அவர்களுக்குத் தோன்றவில்லை. தாடியையும், தொப்பியையும், வாகனத்தையும், விழா மேடையையும் பார்த்தனர்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் சந்தையில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நிகழ்ச்சியை நாம் எல்லோரும் அறிவோம். முஸ்லிம் நூலில் பதிவான ஹதீஸ் அது. அண்ணலார் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வினவினார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள்.

இந்த ஹதீஸை வணிகர்களுக்கான எச்சரிக்கையாகவே நான் பல ஆண்டுகள் பயான் செய்திருக்கிறேன். அதில் வாங்குவோருக்கும் ஒரு பாடம் இருப்பதை என் பணம் போன பிறகே கண்டேன். மேலே தெரிந்த தானியம் காய்ந்திருந்தது. கையை உள்ளே விட்டதால்தான் ஈரம் தெரிந்தது.

என் மாணவர் எனக்கு ஆசிரியரானார்

ஒரு நிறுவனத்தின் குவியலுக்குள் கைவிடுவது எப்படி? இதை எனக்குக் கற்பித்தவர், சிறுவயதில் என்னிடம் குர்ஆன் ஓதிய ஒரு மாணவர். வணிகவியல் படித்து, ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். நடந்ததைக் கேள்விப்பட்டு வந்தவர், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூலை என் கையில் கொடுத்தார். "ஹஜ்ரத், இதுல விகிதப் பகுப்பாய்வுன்னு ஒரு பாடம் இருக்கு. அதை மட்டும் படிங்க. மீதியை நான் சொல்றேன்" என்றார்.

நம் பிள்ளைகள் பதினேழு வயதில் படிக்கும் பாடம் அது. நாற்பதை நெருங்கும்போது நான் படித்தேன். வெட்கப்படவில்லை. விகிதம் என்பது நமக்கு அந்நியமான கலையும் அன்று. வாரிசுரிமையாகிய ஃபராயிள் முழுவதும் விகிதம். ஜகாத் நாற்பதில் ஒன்று. ஒரு தொகையைத் தனியே பார்க்காமல் இன்னொன்றுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே விகிதம். பத்து இலட்சம் இலாபம் என்பது பெரிதா சிறிதா என்று யாராலும் கூற முடியாது. எத்தனை முதலில் வந்த பத்து இலட்சம் என்று தெரிந்தால்தான் கூற முடியும்.

நம் ஊர் வணிகத்தைக் கொண்டே இதை விளக்குகிறேன். தருமபுரியின் புளியை அறியாதவர் உண்டா? இரண்டு புளி வியாபாரிகளை எண்ணிக்கொள்ளுங்கள். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை.

இருவரிடமும் இருபத்தைந்து இலட்சம் ரூபாய்ச் சரக்கு இருக்கிறது. இருவரும் ஆண்டுக்கு அறுபது இலட்சத்துக்கு விற்கின்றனர். கடன் செலவு போகுமுன் இருவருக்கும் கிடைப்பது மூன்று இலட்சத்து அறுபதாயிரம். வெளியே இருந்து பார்த்தால் இரண்டு கடைகளும் ஒன்றுதான்.

முதலாமவரின் சொந்த முதல் இருபது இலட்சம். கடன் ஐந்து இலட்சம். இரண்டாமவரின் சொந்த முதல் ஐந்து இலட்சம். கடன் இருபது இலட்சம். கடனுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு விழுக்காடு வட்டி கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். (வட்டியின் பாவம் தனிப் பேச்சு, இங்கே அதன் ஆபத்தை மட்டும் பாருங்கள்.) முதலாமவர் அறுபதாயிரம் கட்டுகிறார், மூன்று இலட்சம் மிஞ்சுகிறது. இரண்டாமவர் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் கட்டுகிறார். ஒரு இலட்சத்து இருபதாயிரம் மிஞ்சுகிறது.

இப்போது விகிதங்களைப் பாருங்கள்.

சொந்த முதலுக்கு வந்த இலாபம்: முதலாமவருக்குப் பதினைந்து விழுக்காடு, இரண்டாமவருக்கு இருபத்து நான்கு. முகவர்கள் நமக்குக் காட்டுவது இந்த ஒரு எண்ணைத்தான். இதன்படி இரண்டாமவரே கெட்டிக்காரர்.

கடனுக்கும் சொந்த முதலுக்கும் உள்ள விகிதம்: முதலாமவருக்குக் கால் பங்கு, இரண்டாமவருக்கு நான்கு மடங்கு.

வட்டியைக் கட்டும் வலு: முதலாமவர் கட்ட வேண்டியதைப் போல ஆறு மடங்கு ஈட்டுகிறார். இரண்டாமவர் ஒன்றரை மடங்குதான். வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் அவர் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இனி, புளி விலை ஐந்தில் ஒரு பங்கு விழுகிறது என்று கொள்வோம். இருவர் சரக்கின் மதிப்பும் ஐந்து இலட்சம் குறைகிறது. முதலாமவரிடம் பதினைந்து இலட்சம் எஞ்சும். வருந்துவார், அடுத்த ஆண்டும் கடை திறப்பார். இரண்டாமவரின் சொந்த முதல் முழுவதும் ஒரே பருவத்தில் கரைந்துவிடும். அவருடைய இருபத்து நான்கு விழுக்காடு, திறமையின் கூலி அன்று; ஆபத்தின் விலை. ஒரே கடைத்தெருவில், ஒரே சரக்கில், ஒரே விற்பனையில் இந்த வேறுபாட்டை நமக்குக் காட்டுவது விகிதம் மட்டுமே.

வேறு இரண்டு விகிதங்களையும் அறிந்துகொள்ள வேண்டும். ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய கடனுக்கு எதிராக, ஓராண்டுக்குள் காசாகக்கூடியது எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று. இதை நடப்பு விகிதம் என்பர். ஒன்றுக்கு இரண்டு இருந்தால் நலம் என்று பாடநூல் கூறும். சரக்கு ஆண்டுக்கு எத்தனை முறை விற்றுத் தீர்ந்து மீண்டும் நிறைகிறது என்பது மற்றொன்று. தை முதல் சித்திரை வரை வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் வைக்கும் புளி, ஆண்டுக்கு ஓரிரு முறையே சுழலும். பாலக்கோடு சந்தையின் தக்காளி அன்றாடம் சுழலும். ஆகவே புளிக்காரரையும் தக்காளிக்காரரையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது. ஒரு தொழிலை அதே தொழிலோடும், ஒரு நிறுவனத்தை அதன் முந்தைய ஆண்டுகளோடும் ஒப்பிடுவதே முறை.

பயிற்சிக்காக என் மாணவர் டைட்டன் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் கொடுத்தார். டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984இல் தொடங்கிய நிறுவனம். அதன் கடிகாரத் தொழிற்சாலை ஓசூரில் எழுந்தது. அந்நாளில் ஓசூர் எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது; 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி மாவட்டம் தனியே பிரிந்தது. ஆனால் அறிக்கையைப் படித்தபோதுதான், கடிகாரக் கம்பெனி என்று நான் எண்ணியிருந்த அந்நிறுவனத்தின் வருவாயில் பெரும்பகுதி நகை விற்பனையிலிருந்து வருகிறது என்பதை அறிந்தேன். தங்கத்தின் விலை பெரிது, அதில் நிற்கும் இலாபம் மெல்லியது. கடிகாரத்தின் கணக்கு வேறு. பெயரை வைத்து முடிவு செய்தால் தவறான தொழிலோடு ஒப்பிட்டிருப்பேன். (அதன் பங்கை வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் கூறவில்லை.)

எண்கள் பொய் சொன்னால்?

இந்த இடத்தில் என் மாணவரிடம் கேட்டேன்: "விகிதம் எல்லாம் சரி. எழுதியிருக்கிற எண்ணே பொய்யாக இருந்தால்?" அவர் சற்றே சிரித்து, "சத்யம்" என்றார்.

ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நாடறிந்த நிறுவனம். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதித் தம் கணக்குகள் பொய்யென ஒப்புக்கொண்டார். ஏட்டில் 5,361 கோடி ரூபாய் ரொக்கமும் வங்கி இருப்பும் இருந்தன. அதில் 5,040 கோடி இல்லாத பணம். 2008 செப்டம்பர் காலாண்டில் 2,700 கோடி வருவாயும் அதில் 649 கோடி இலாபமும் காட்டப்பட்டிருந்தன. உண்மையில் வருவாய் 2,112 கோடி, இலாபம் 61 கோடி. விகிதமாகக் கூறினால், நூற்றுக்கு இருபத்து நான்கு என்று உலகுக்குச் சொன்னது, நூற்றுக்கு மூன்றே. அன்று ஒரே நாளில் அதன் பங்கு விலை முக்கால் பங்குக்கு மேல் விழுந்தது. 2015இல் நீதிமன்றம் ராஜுவையும் மற்றவர்களையும் குற்றவாளிகள் எனத் தீர்த்தது.

பெயர் சத்யம், ஏட்டில் அசத்தியம். எனினும் அங்கும் ஒரு ஈரம் முன்பே தட்டுப்பட்டது. மூன்று வாரங்களுக்கு முன், 2008 டிசம்பர் 16 அன்று, ராஜுவின் குடும்பத்தார் சார்ந்த மேடாஸ் என்ற இரு நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் சத்யம் அறிவித்தது. மென்பொருள் நிறுவனம் எதற்காகத் தலைவரின் குடும்ப நிலத் தொழிலை வாங்க வேண்டும் என்று முதலீட்டாளர்கள் கொதித்தனர். சில மணி நேரத்தில் அறிவிப்புத் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே விகிதத்தோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: நிறுவனத்தின் பணம் உரிமையாளரின் உறவினர் வீட்டுப் பக்கம் நடக்கிறதா? ஏட்டில் காட்டும் இலாபம் உண்மையில் ரொக்கமாக வந்து சேர்கிறதா?

இன்னொரு பாடம் 2018இல் கிடைத்தது. ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்ற பெரும் உள்கட்டமைப்பு நிறுவனம். சாலைகள், சுரங்கப்பாதைகள், நம் திருப்பூரின் தண்ணீர்த் திட்டம் ஆகியவற்றில் பங்கு கொண்டது. மிக உயர்ந்த தரக்குறியீடு பெற்றிருந்தது. அந்தக் குறியீடு கிடைத்திருந்த ஆண்டிலேயே தவணை கட்ட இயலாமல் நின்றது. குழுமத்தின் கடன் ஏறத்தாழ 91,000 கோடி. பணம் திரும்ப இருபது ஆண்டுகள் ஆகும் சாலைக்கு, விரைவில் திருப்பித் தர வேண்டிய கடனை வாங்கியிருந்ததே முக்கியக் காரணங்களுள் ஒன்று. குறுகிய கடனில் நீண்ட வேலை செய்தால் நடப்பு விகிதம் முதலில் முனகும். பிறர் தந்த நற்சான்றிதழை மட்டும் நம்புவோர்க்கு அந்த முனகல் கேட்பதில்லை.

நம் அறிஞர்கள் வகுத்த விகிதங்கள்

பங்கு வணிகம் குறித்து நம் காலத்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அனுமதிப்போரும் நிபந்தனையின்றி அனுமதிப்பதில்லை. முதலில் தொழில் ஹலாலாக இருக்க வேண்டும். மது, சூதாட்டம், வட்டித் தொழில், பன்றி ஆகியவை கூடா. அதன் பின் விகிதங்கள் வருகின்றன. பஹ்ரைனிலிருந்து இயங்கும் அயோஃபி அமைப்பின் இருபத்தோராம் தரவிதிப்படி, வட்டிக் கடன் நிறுவனத்தின் சந்தை மதிப்பில் முப்பது விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வட்டி தரும் வைப்புகளும் அவ்வாறே. ஆகாத வழி வருமானம் மொத்த வருமானத்தில் ஐந்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. வேறு சில அமைப்புகள் மூன்றில் ஒரு பங்கை எல்லையாக வைக்கின்றன. மரண சாசனம் பற்றி ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களிடம், மூன்றில் ஒன்றே அதிகம்தான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை அவர்கள் இதற்கு ஒப்புநோக்குவதுண்டு. நம் நாட்டிலும் 2010 டிசம்பரில் மும்பை பங்குச் சந்தையில் இத்தகைய நிறுவனங்களுக்கென ஷரீஅத் குறியீடு ஒன்று தொடங்கப்பட்டது. கலந்துவிட்ட ஆகாத பங்கைக் கணக்கிட்டு, நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துத் தூய்மைப்படுத்த வேண்டும் என்பதும் அவர்கள் வகுத்த முறை.

இவற்றில் ஒன்றை நான் பிந்தி உணர்ந்தேன். அறிஞர்கள் ஹலாலை அறியவே நிறுவனத்தின் கணக்கைக் கேட்கிறார்கள். கடன் எவ்வளவு என்று தெரியாமல் முப்பது விழுக்காடா என்று எப்படிச் சொல்வது? அப்படியானால், கணக்கையே காட்டாத நிறுவனத்தை "ஹலால்தான்மா" என்று நான் சொன்னது எந்த ஆதாரத்தின் மீது? அது ஃபத்வா அன்று, அறியாததைப் பேசியது. நமக்கு அறிவில்லாததைப் பின்தொடர வேண்டாம் என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயம் எச்சரிக்கிறது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையையோ நோன்பையோ பற்றியதன்று. கடனை எழுதிவைப்பது பற்றியது. அதை நான் எத்தனை முறை ஓதியிருக்கிறேன்!

இன்னொன்றும் உண்டு. குர்ஆன் ஹலாலையும் தய்யிபையும் சேர்த்துக் கூறுகிறது: ஆகுமானது, நல்லது. கெட்டுப்போன இறைச்சி முறைப்படி அறுக்கப்பட்டிருந்தாலும் உண்ணத் தக்கதன்று. அறுத்த முறையை மட்டும் கேட்டுவிட்டு, இறைச்சியை முகர்ந்து பார்க்காமல் இருந்துவிட்டோம்.

அந்தத் தாயாருக்குச் சொன்ன பதில்

பள்ளிவாசல் படியில் நின்றபடி, இவ்வளவையும் அவரிடம் சொல்ல இயலாது. ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தேன்.

ஒன்று: தணிக்கை செய்யப்பட்ட மூன்று ஆண்டுக் கணக்கு எங்கே? (பதிவு பெற்ற கம்பெனியாக இருந்தால், நூறு ரூபாய் கட்டணத்தில் அரசின் கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்திலேயே பார்க்கலாம்.)

இரண்டு: இலாபம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது? அதே தொழில் செய்யும் மற்றவர்களுக்கு எவ்வளவு வருகிறது?

மூன்று: நிறுவனத்துக்குக் கடன் எவ்வளவு, சொந்த முதல் எவ்வளவு?

நான்கு: நட்டம் வந்தால் யார் தாங்குவது? மாதம் ஒரே தொகை என்றால், அது எப்படி முளாரபா?

கீழே ஒரு சிறு கணக்கையும் போட்டுக் காட்டினேன். இலட்சத்துக்கு மாதம் மூவாயிரம் என்றால் ஆண்டுக்கு முப்பத்தாறாயிரம். இலாபம் பாதிக்குப் பாதி என்று அவர்களே சொல்கிறார்கள். அப்படியானால் அந்த இலட்சம் ஆண்டுக்கு எழுபத்திரண்டாயிரம் ஈட்ட வேண்டும்: எழுபத்திரண்டு விழுக்காடு. மேலே சொன்ன புளிக்கடையில் மொத்தச் சரக்குக்கும் வருவது பதினான்கரை விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. அதைப் போல ஐந்து மடங்கு ஈட்டுகிற தொழில் ஒன்று இருந்தால், அதன் உரிமையாளர் நம் தெருவுக்கு வந்து இடியாப்பக் காசைக் கேட்பாரா?

அந்த வார வெள்ளிக்கிழமை, ஜுமுஆவுக்குப் பின் தம் திட்டத்தை அறிவிக்க வேண்டுமென்று முகவர் கேட்டார். கணக்கைக் கொடுங்கள், ஜமாஅத்தில் படித்தவர்கள் பார்க்கட்டும் என்றேன். "ஹஜ்ரத், நம்ம ஆளுங்க மேலயே நம்பிக்கை இல்லையா?" என்றார். நம்பிக்கை இருப்பதால்தான் எழுத்தில் கேட்கிறேன், எழுதிவைக்கச் சொன்னவன் அல்லாஹ் என்றேன். ஜமாஅத்தில் இரண்டொருவர் என்மீது வருத்தம் கொண்டனர். நம்மவர் ஒருவர் முன்னேறுவதைத் தடுக்கலாமா என்றனர். அந்த வருத்தம் இன்றும் முழுதாகத் தீரவில்லை.

அந்தத் தாயார் தம் பங்குக்கு, பெண்கள் கூடியிருந்த ஒரு வீட்டில் முகவர் பேசியபோது தாளை எடுத்து முதல் கேள்வியைக் கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிச் சென்றவர் பிறகு எங்கள் தெருவுக்கு வரவில்லை. அந்த நிறுவனம் நல்லதா கெட்டதா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கணக்கைக் காட்டவில்லை, அவ்வளவே எனக்குத் தெரியும். முடிவெடுக்க அது போதும்.

பெற்றோரே, சகோதரிகளே! உங்கள் வீட்டில் வணிகவியல் படிக்கும் பிள்ளை இருந்தால், பணத்தைக் கொடுக்குமுன் அந்தப் பிள்ளையை உட்கார வைத்துக் கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள். என்னைப் போன்ற ஆலிம்களிடம் வந்து ஹலாலா என்று கேளுங்கள். ஆனால் கணக்கோடு வாருங்கள். கணக்கில்லாமல் "ஆம்" என்று நாங்கள் சொன்னால், அதை ஏற்காதீர்கள். ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வைப்பீட்டாளர்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997 முதலே தனிச் சட்டம் இருக்கிறது, காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. நடத்துநர் என்னை மன்னித்துவிட்டதாகக் கூறி, பணத்தைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டார். அந்தத் தாயாருக்கு, வராமல்போன அறுபத்து மூவாயிரத்து இருநூறு ரூபாயை 2017 முதல் மாதம் ஆயிரமாகக் கொடுத்துவந்தேன். மார்க்கச் சட்டப்படி அது என்மீது கடமையில்லை என்று என் ஆசிரியர் சொன்னார். அவரும் முதலில் வாங்க மறுத்தார். "இது என் நாக்கு வாங்கின கடன்மா" என்று சொன்ன பிறகே ஏற்றார். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கடைசி இருநூறு ரூபாயைக் கொடுத்த நாளில், அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஒவ்வொரு மாதமும் தேதியோடு எழுதி வைத்திருந்தார். கூட்டிப் பார்த்து, "சரியா இருக்கு ஹஜ்ரத்" என்றார்.

நம் செல்வத்தில் ஹலாலையும் தய்யிபையும் நமக்கு வழங்கி, அறியாததைப் பேசும் நாவிலிருந்து அல்லாஹ் நம்மைக் காப்பானாக. ஆமீன்.